பள்ளத்தூரில் நிற்கும் வண்டியா, கோயம்புத்தூரில் ஓடும் வண்டியா?

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கையில் ஐந்து லட்சம் இருக்கிறது. பதினைந்து, இருபது வருடத்துக்கு முந்தைய ஜெர்மன் செடான் ஒன்றை வாங்கி, நன்றாக வைத்துக்கொண்டு, பத்து வருடமாவது ஓட்ட ஆசை. இரண்டு வண்டி கண்ணில் பட்டிருக்கின்றன. ஒன்று பள்ளத்தூரில் உறவினர் வீட்டில் நிற்கும் 2009 பி.எம்.டபிள்யூ 320டி. 38,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. வீட்டுக்காரர்கள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் ஊருக்கு வரும்போது எடுத்த வண்டி, கடைசி நாலு வருடமாக எடுக்கவே இல்லை. நாலே கால் லட்சம் சொல்கிறார்கள். இன்னொன்று கோயம்புத்தூரில் 2006 மெர்சிடிஸ் சி200 கொம்ப்ரஸர். 1,42,000 ஓடியது, இரண்டாவது ஓனர், பில்லெல்லாம் ஃபைல் போட்டு வைத்திருக்கிறார், விலை மூன்று லட்சம். "கம்மியா ஓடின வண்டிதான் நல்லது, அதுவும் சொந்தக்காரர் வீட்டு வண்டி" என்று அவருடைய அப்பச்சி சொல்கிறாராம். எதை வாங்குவது, இதெல்லாம் நாளைக்கு கிளாசிக் ஆகுமா என்பது கேள்வி.

தம்பி, முதலில் கோயம்புத்தூர் வண்டியைப் போய்ப் பாருங்கள். அப்பச்சி சொல்வது மாருதிக்கும் அம்பாசடருக்கும் பெரும்பாலும் பொருந்தும். இந்த வகை வண்டிக்குப் பொருந்தாது. 38,000 என்ற எண்ணைப் பார்த்து நீங்கள் மயங்கினால் அதற்கான விலையைக் கொடுக்கப்போவது நீங்கள்தான். ஏனென்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் செட்டிநாட்டில் இந்தத் தவறு நடக்க வாய்ப்பு மற்ற ஊர்களைவிட அதிகம். பூட்டிய வீடும், உள்ளே துணி போர்த்திய நல்ல காரும் நம் பக்கம் தெருவுக்கு ஒன்று இருக்கிறது. கானாடுகாத்தான், கோட்டையூர், கொத்தமங்கலம், எங்கே போனாலும் "வந்து பாருங்க, புதுசு மாதிரியே இருக்கு" என்று காட்டுவார்கள். பார்வைக்கு அது உண்மையும்கூட. வெயில் படவில்லை, பெயின்ட் மின்னும், சீட்டில் யாரும் உட்காரவில்லை.

ஆனால் வண்டி நிற்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். டீசல் டேங்க் பாதி காலியாக இருந்தால் மேலே இருக்கும் காற்றின் ஈரம் இரவில் குளிர்ந்து தண்ணீராக டேங்குக்குள் இறங்கும். தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து கறுப்புச் சளிபோலப் படியும். 320டி மாதிரி காமன் ரெயில் இன்ஜினில் டீசல் 1,600 பாருக்கும் மேலான அழுத்தத்தில் போகிறது. அந்தப் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் டீசலேதான் உயவு. சளியும் தண்ணீரும் கலந்த டீசலை அதற்குள் ஒருமுறை செலுத்தினால் போதும், நாலு இன்ஜெக்டரும் ஒரு பம்பும் சேர்ந்து உங்கள் மொத்தக் கணக்கையும் மாற்றிவிடும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய அது நாலு வருடம் நின்றால் கேலிப்பர் பிஸ்டனும் ஏ.பி.எஸ். பிளாக்கும் உள்ளுக்குள் துருப்பிடிக்க ஆரம்பிக்கும். ஏ.சி. கம்ப்ரஸரை ஓட்டாமலே வைத்தால் அதன் ஷாஃப்ட் சீல் காய்ந்து கேஸ் கசிந்துவிடும். டயர் ஒரே இடத்தில் பாரம் தாங்கித் தட்டையாகும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், 3209 என்றால் 2009-ம் வருடம் 32-வது வாரம் செய்தது என்று பொருள். பள்ளத்தூர் வண்டியில் அந்த எண்ணை முதலில் பாருங்கள். ஆறு வருடம் தாண்டிய டயரில், பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும், மதுரை ரோட்டில் நூறில் போகக் கூடாது.

இதற்கெல்லாம் மேலே எலி. இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. 2012-ல் நான் இப்படி ஒரு வண்டி வாங்கினேன், எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். நம் பக்கத்து வீடு ஒன்றில் மூன்று வருடம் நின்றது, மீட்டரில் 41,000. பேட்டரி மாற்றி, புது டீசல் ஊற்றி, முதல் செல்ஃபிலேயே எடுத்துவிட்டது. வீட்டுக்கு ஓட்டி வந்தேன், ஆச்சி ஆரத்தி எடுத்தார்கள். ஒன்பதாவது நாள் திருமயம் தாண்டியதும் டேஷ்போர்டில் இருந்த அத்தனை விளக்கும் எரிந்து வண்டி நின்றது. பட்டறையில் இன்ஜின் மேல்மூடியைக் கழற்றினால் பெருச்சாளி கூடு. வயரிங்கின் மேல்தோலை நாலு இடத்தில் கடித்து, செம்பு தெரிய விட்டிருந்தது. மழை ஈரம் பட்டதும் ஒன்றோடொன்று உரசிவிட்டது. புது வயரிங் செட் கிடைக்க நாலு மாதம், அதற்குள் பிரேக், அதற்குப் பிறகு ஏ.சி. எட்டு மாதத்தில் வாங்கிய விலையில் பாதியைச் செலவு செய்தேன். அந்தக் குடும்பத்தார் என்னை ஏமாற்றவில்லை. அவர்களுக்கே தெரியாது. நின்ற வண்டியின் நோய் அப்படிப்பட்டது, விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது.

இப்போது 320டி-க்கே வருவோம். இதைப் பற்றி நல்லதையும் சொல்ல வேண்டும். 3 சீரிஸ் 1975-ல் ஆரம்பித்த வரிசை. அதன் ஐந்தாவது தலைமுறை இ90, ஜோஜி நாகஷிமா வரைந்த உருவம். பி.எம்.டபிள்யூ 2007-ல் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில், மகிந்திரா சிட்டியில் ஆலை திறந்தபோது அங்கே பாகங்களைச் சேர்த்துப் பூட்டிய முதல் வண்டிகளில் இதுவும் ஒன்று. முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிபாதி எடை, பின்சக்கர உந்து. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ரோடு கையில் பேசும். புதுக்கோட்டை ரோட்டில் விடிகாலை ஓட்டிப் பார்த்தால் ஏன் இதற்கு இத்தனை பேர் உயிரை விடுகிறார்கள் என்று தெரியும்.

சிக்கல் அந்த வருடத்து டீசல் இன்ஜினில். 2009-ல் இருப்பது என்47. டைமிங் செயின், அதாவது வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் இயக்கும் சங்கிலி, பெரும்பாலான இன்ஜின்களில் முன்பக்கம் இருக்கும், இதில் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி. 2007-லிருந்து 2011 வரை செய்த என்47-களில் இந்தச் செயினும் அதன் கைடுகளும் தேய்ந்து, சில சமயம் அறுந்தே போவது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜின் முடிந்தது. மாற்றுவதென்றால் இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும், காரணம் அது இருக்கும் இடம். குறைவாக ஓடியது என்பது இங்கே பாதுகாப்பு இல்லை. ஆயிலை நீண்ட இடைவெளி விட்டு மாற்றியதும், குளிர்ந்த இன்ஜினில் குட்டிக் குட்டித் தூரம் ஓட்டியதும் செயினுக்கு ஆகாது. கல்யாண வீட்டுக்கும் கோயிலுக்கும் மட்டும் போன வண்டி, வருடத்துக்கு ஒரு தடவைகூட ஆயில் பார்க்காத வண்டி, அப்படிப்பட்டதுதானே? வேலை செய்யும் பட்டறையைப் பொறுத்து மாறும், ஆனால் ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் இதற்கென்றே ஒதுக்கி வைக்காமல் 2009 320டி வாங்காதீர்கள்.

ஆகவே பள்ளத்தூர் வண்டிக்கு என் கணக்கு இது: டயர் நாலு, பேட்டரி, டேங்க் கழுவுவது, எல்லா ஆயிலும், எல்லா ரப்பரும், செயின். நாலே கால் கொடுத்தால் ஆறே முக்கால், ஏழில் நிற்கும். உறவினர் ஒன்றரை லட்சத்துக்குக் கொடுப்பாரென்றால் பேசலாம். சொந்தக்காரரிடம் விலை குறைத்துக் கேட்கக் கூச்சமாக இருந்தால் இந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். பின்னால் வண்டி நின்றால் உறவும் சேர்ந்து கசக்கும். இன்னொன்று, அந்த வண்டியின் ஆர்.சி. 2024-லேயே காலாவதி ஆகியிருக்கும். சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருடம், அதன் பிறகு ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். சிங்கப்பூரில் இருப்பவர் புதுப்பித்திருக்க வாய்ப்பு குறைவு. காலதாமதத்துக்கு மாதக் கணக்கில் கூடுதல் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும், எப்.சி.க்கு வண்டியை ஓட்டிக்கொண்டுதான் போக வேண்டும். விற்பவர் பெயரில் புதுப்பித்துக் கொடுத்தால்தான் பணம் என்று சொல்லிவிடுங்கள்.

கோயம்புத்தூர் வண்டி. சி-கிளாஸ் வரிசை 1993-ல் தொடங்கியது, அதற்கு அப்பன் 1982-ல் வந்த 190. நீங்கள் பார்ப்பது இரண்டாவது சி-கிளாஸ், டபிள்யூ203, 2004-க்குப் பிறகான திருத்திய வடிவம். அது நல்லது, ஏனென்றால் முற்பகுதி வண்டிகளில் ரேடியேட்டருக்குள் கூலன்டும் கியர் ஆயிலும் கலந்து கியர்பாக்ஸையே தின்றுவிடும் ஒரு பழைய நோய் இருந்தது. 2006-ல் அந்தப் பயம் பெரும்பாலும் இல்லை. இன்ஜின் எம்271, 1,796 சி.சி., சூப்பர்சார்ஜர் வைத்தது, 163 குதிரைசக்தி. கியர்பாக்ஸ் ஐந்து கியர் ஆட்டோமேட்டிக், 722.6 என்று அதன் எண். மெர்சிடிஸ் தன் பெரிய வி8 வண்டிகளிலும் வைத்த அதே குடும்பம். ஒழுங்காக ஆயில் மாற்றினால் இந்த கியர்பாக்ஸ் இன்ஜினைவிட அதிக நாள் உழைக்கும்.

அந்த "ஒழுங்காக" என்பதைத்தான் ஃபைலில் தேட வேண்டும். ஃபைலைக் கையில் வாங்கி, வீட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் படியுங்கள். ஆயில் பில் 10,000 கிலோமீட்டருக்கு ஒன்றாவது இருக்கிறதா, அதில் 229.5 என்ற தர எண் கொண்ட ஆயிலா? கியர்பாக்ஸ் ஆயிலும் ஃபில்டரும் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாறியிருக்கிறதா? "இது லைஃப்டைம் ஆயில், மாத்தவே வேண்டாம்" என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். பி.எம்.டபிள்யூவிலும் இதே வசனம் உண்டு, ஆனால் அந்த கியர்பாக்ஸைச் செய்த இசட்.எஃப். நிறுவனமே 80,000-லிருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. பில்லில் உள்ள கிலோமீட்டர் எண்களை வரிசையாக ஒரு தாளில் எழுதுங்கள். 2014-ல் 96,000 என்று இருந்து 2017-ல் 88,000 என்று வந்தால் மீட்டர் திருப்பியிருக்கிறார்கள். பி.எம்.டபிள்யூவில் ஓடிய தூரம் மீட்டரில் மட்டுமல்லாமல் சாவியை அடையாளம் காணும் கம்ப்யூட்டர் பெட்டியிலும் பதிவாகும். கம்பெனி ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறையில் இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டுவார்கள். தெருவில் விற்கும் ஆயிரம் ரூபாய் ஸ்கேனர் இன்ஜினை மட்டும் படிக்கும். மெர்சிடிஸுக்கு ஸ்டார் டயக்னாசிஸ் என்ற கம்பெனி ஸ்கேனர் இருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும்.

எம்271-ல் பார்க்க வேண்டியது மூன்று. முதலாவது டைமிங் செயின். ஒற்றை வரிசைச் செயின், வயதானால் நீளும், கேம் பற்சக்கரமும் தேயும். இது முன்பக்கம் இருப்பதால் இன்ஜினை இறக்காமல் மாற்றலாம். அதுதான் என்47-க்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம். முழு இரவு நின்ற இன்ஜினை முதல்முறை எடுக்கும்போது இரண்டு மூன்று நொடி கடகடவென்று சங்கிலிச் சத்தம் வந்தால் செயின் வேலை இருக்கிறது என்று பொருள். இரண்டாவது ஒரு சின்ன விஷயம், ஆனால் தெரியாதவர்கள் லட்சங்களை இழந்திருக்கிறார்கள். கேம் மேக்னெட் என்று இன்ஜின் முகப்பில் இரண்டு இருக்கும். அதன் சீல் தேய்ந்தால் ஆயில் கசிந்து, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, வயருக்குள்ளேயே ஏறி ஏறி இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ. வரைக்கும் போய்விடும். மேக்னெட்டின் பிளக்கைக் கழற்றி உள்ளே ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஈ.சி.யூ.வின் பிளக்கையும் பாருங்கள். முதல் பிளக்கோடு நின்றிருந்தால் செலவு சில ஆயிரம். ஈ.சி.யூ.வில் ஆயில் இருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். கியர்பாக்ஸிலும் 13 முனை கொண்ட பிளக் ஒன்று இதேபோலக் கசியும், அதையும் அடியிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாவது சூப்பர்சார்ஜருக்குக் கீழே ஓடும் ரப்பர் ஹோஸ்கள். சூட்டில் வெடித்திருக்கும், ஐடிலில் வண்டி நடுங்கும். விலை குறைவு, வேலை நேரம் அதிகம்.

சூடு என்று சொன்னதால் ஒன்று. ஐரோப்பாவில் இந்த வண்டிகளைக் கொல்வது உப்பு. பனிக்காலத்தில் ரோட்டில் தூவும் உப்பால் டபிள்யூ203-ன் சக்கர வளைவுகள் அங்கே அரித்துப் போயின. நமக்கு அந்தக் கவலை குறைவு. உள்நாட்டு வறண்ட காற்று தகட்டுக்கு நல்லது. துருவைப் பற்றி ஆராய நம் காரைக்குடியிலேயே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரி இருக்கிறது, 1948-ல் அடிக்கல் வைத்து 1953-ல் திறந்தது. அவர்களே கடல் துருவைச் சோதிக்க ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து மண்டபம் ஊரில் தனி நிலையம் வைத்திருக்கிறார்கள் என்றால் நம் காற்றுக்கும் கடற்கரைக் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் புரியும். அதனால் தூத்துக்குடி, ராமேஸ்வரம், சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலை வண்டி என்றால் ரேம்பில் ஏற்றி அடியைப் பார்க்காமல் வாங்க வேண்டாம், கோயம்புத்தூர், திருப்பூர், மதுரை வண்டிக்கு அவ்வளவு பயம் வேண்டாம். இங்கே நமக்கு எதிரி வெயில். பிளாஸ்டிக் கூலன்ட் டேங்க், ரேடியேட்டர் கழுத்து, தெர்மோஸ்டாட் மூடி, எல்லாம் காய்ந்து நொறுங்கும். கூரைத்துணி தொங்கும். உள்ளே கைப்பிடிகள் பிசுபிசுக்கும். வாங்கியவுடன் கூலிங் சிஸ்டத்தின் பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் ஒரேயடியாக மாற்றிவிடுவதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது. சித்திரை வெயிலில் மேலூர் பக்கம் ரேடியேட்டர் வெடித்து நின்றால் ஹெட் கேஸ்கட்டும் சேர்ந்து போகும்.

வெயிலால் வரும் இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. டக்காட்டா நிறுவனம் செய்த ஏர்பேக் ஊதிகளில் வைத்த அம்மோனியம் நைட்ரேட் மருந்து, வருடக்கணக்கில் வெயிலும் ஈரமும் பட்டால் கெட்டு, விபத்தில் விரியும்போது உலோகத் துண்டுகளைப் பயணியின் மேல் வீசும். உலகம் முழுக்க கோடிக்கணக்கில் திரும்பப் பெற்றார்கள். 3 சீரிஸிலும் சி-கிளாஸிலும் பல வருடத்து வண்டிகள் அந்தப் பட்டியலில் உண்டு. நம் தட்பவெப்பம் அந்த மருந்துக்கு மிக மோசமான தட்பவெப்பம். வாங்கும் முன்பே சேஸிஸ் எண்ணைக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுத்து, ரீகால் பாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள். ரீகால் வேலைக்குக் காசு வாங்க மாட்டார்கள். வீட்டில் ஆச்சியையும் பிள்ளைகளையும் ஏற்றும் வண்டி, இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

பெட்ரோல் பற்றி இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அந்தக் காலத்து மெர்சிடிஸ்களுக்கு 10 சதவீதம் வரை கம்பெனி சம்மதம் சொன்னது, நேரடி ஊசி வைத்த சி200 சி.ஜி.ஐ. மட்டும் அதற்கும் விலக்கு. நீங்கள் பார்ப்பது அந்த சி.ஜி.ஐ. இல்லை என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். 20 சதவீதத்துக்கு இந்த வண்டிகள் செய்யப்படவில்லை என்பது உண்மை. நான் செய்வது இது: பெட்ரோல் போகும் ரப்பர் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிட்டேன், ஃபில்டரைச் சீக்கிரம் மாற்றுகிறேன், மாதக்கணக்கில் ஒரே பெட்ரோலை டேங்கில் ஊற விடுவதில்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும், ஓடும் வண்டிக்கு அது அவ்வளவு கெடுதல் செய்யாது, நிற்கும் வண்டிக்குச் செய்யும். திரும்பவும் அதே இடத்துக்கு வந்துவிட்டேன்.

காகிதம். 2006 வண்டியின் முதல் 15 வருடம் 2021-ல் முடிந்திருக்கும், புதுப்பித்தது 2026 வரை. அடுத்த புதுப்பிப்பு உங்கள் தலையில் என்பதை விலையில் கழியுங்கள். 15 வருடம் தாண்டிய காருக்குக் கட்டணம் 2022-ல் 5,000 ரூபாய் ஆனது, 20 வருடம் தாண்டியதற்கு 2025-ல் 10,000 ஆக்கினார்கள், கூடவே பசுமை வரி. பெயர் மாற்றத்துக்கு 29, 30 படிவங்கள். கடன் பதிவு இருந்தால் 35-ல் வங்கி கையெழுத்து. உங்கள் முகவரிக்கு மாறும்போது காரைக்குடி அலுவலகத்தில் வேலை முடியும், டி.என். வண்டி என்பதால் வரி மறுபடி கிடையாது. தில்லியிலிருந்து பாதி விலையில் வரும் வண்டிகளைக் காட்டி யாராவது ஆசைகாட்டுவார்கள். அங்கே 10 வருடம் தாண்டிய டீசலுக்கும் 15 வருடம் தாண்டிய பெட்ரோலுக்கும் வந்த கட்டுப்பாட்டால் அந்த விலை. என்.ஓ.சி., இங்கே மறுபதிவு, ஆயுள் வரி எல்லாம் சேர்த்தால் பாதி விலை முழு விலை ஆகும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளமும் 2023 டிசம்பர் வெள்ளமும் எத்தனையோ நல்ல வண்டிகளை முக்கி எடுத்தன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து அடி முனையில் சேற்றுக் கோடு இருக்கிறதா, சீட்டுக்குக் கீழே திருகுகள் துருவா, ஸ்டெப்னி குழியில் மண்ணா என்று பாருங்கள். இன்ஷூரன்ஸில் மூன்றாம் நபர் பிரீமியத்தை 1,500 சி.சி.க்கு மேல் 7,897 ரூபாய் என்று 2022-ல் வைத்தார்கள், ஜி.எஸ்.டி. தனி.

கிளாசிக் ஆகுமா என்ற கேள்விக்கு நேர்மையான பதில்: சட்டப்படி வின்டேஜ் என்றால் முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும். 2021-ல் வந்த விதி அது. வி.ஏ. என்ற எழுத்து போட்ட நம்பர் பிளேட் அந்த வண்டிகளுக்குத்தான். உங்களுடையதற்கு எந்தச் சலுகையும் கிடையாது. விலை ஏறும் என்று நம்பி வாங்காதீர்கள், சி200-ல் ஏறாது. என்னைக் கேட்டால் இந்த வகுப்பில் உண்மையிலேயே போற்றி வைக்கத் தகுந்தது இ90-ல் ஆறு சிலிண்டர் பெட்ரோல், 325ஐ அல்லது 330ஐ. டர்போ இல்லாத, வரிசையாக ஆறு சிலிண்டர் கொண்ட, மக்னீசியம் கலந்த பிளாக் வைத்த என்52 இன்ஜின். அதன் சத்தத்துக்காகவே வாங்கலாம். எலெக்ட்ரிக் வாட்டர் பம்ப் லட்சம் கிலோமீட்டர் வாக்கில் சொல்லாமல் போகும், வால்வ் கவரிலும் ஆயில் ஃபில்டர் ஹவுஸிங்கிலும் கசிவு வரும். இவை தெரிந்த செலவுகள். நல்ல ஃபைலோடு அது ஒன்று உங்கள் கையில் சிக்கினால் இந்தப் பதில் முழுவதையும் மறந்துவிட்டு அதை வாங்குங்கள். 320ஐ-ல் இருக்கும் என்46 ஆயில் குடிக்கும், சிக்னலில் நின்று எடுக்கும்போது நீலப் புகை வந்தால் வேண்டாம். ஆடி ஏ4-ல் மல்டிட்ரானிக் கியர்பாக்ஸ் கொண்டதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். மெர்சிடிஸ் 1995-லிருந்து புனேயில் பூட்டிய இ220, அந்த டபிள்யூ124, அளவில் ஒருபடி பெரியது என்றாலும் நம் ஊர் வீட்டு முகப்பில் நிற்பதற்கென்றே செய்ததுபோல இருக்கும். வாங்குவதானால் இன்ஜின் வயரிங்கை மாற்றியிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். அந்த வருடங்களில் வயரின் மேல்தோல் சூட்டில் தானாகவே உதிரும்.

மலேயா, சிங்கப்பூரிலிருந்து அந்தக் காலத்தில் கொண்டுவந்த மெர்சிடிஸ் 190, இ30 என்ற பழைய 3 சீரிஸ் ஏதாவது நம் பக்கத்து வீடுகளில் இருக்கலாம். வலதுகைப் பக்கம் ஸ்டீயரிங் என்பதால் அங்கிருந்து வந்தவை இங்கே சிரமமில்லாமல் ஓடின. சுங்க வரி கட்டிய தாள் இல்லாமல் அவற்றைத் தொட வேண்டாம்.

கடைசியாகப் பட்டறை. காரைக்குடியில் டிங்கரிங், பஞ்சர், வீல் அலைன்மென்ட் எல்லாம் நன்றாகவே செய்வார்கள். லோயர் ஆர்ம், புஷ், இன்ஜின் பெட் மாற்றவும் நல்ல கைகள் இருக்கின்றன, பார்ட் நம்பரை நீங்கள் எடுத்துக் கொடுத்தால் போதும். கம்பெனிப் பெட்டியில் வாங்க வேண்டிய அவசியமில்லை. லெம்ஃபோர்டர், சாக்ஸ், மாலே, பேர், மான், இவர்கள்தான் கம்பெனிக்கே செய்து கொடுப்பவர்கள், அதே பொருள் பாதி விலைக்கும் குறைவாக வரும். எலெக்ட்ரானிக்ஸுக்கும் கியர்பாக்ஸுக்கும் மதுரை, திருச்சி, அல்லது கோயம்புத்தூர் வரை போக வேண்டியிருக்கும். அதனால் விற்பவரிடம் அவர் போகும் மெக்கானிக்கின் நம்பரையும் கேட்டு வாங்குங்கள், அந்த ஆள் வண்டியைப் பற்றிச் சொல்வது ஃபைலைவிட உபயோகமாக இருக்கும். மூன்று லட்சம் வண்டிக்கு என்றால் இன்னொரு ஒன்றரை லட்சத்தைத் தனியாகப் பேங்கில் வையுங்கள், முதல் வருடத்துக்கு. உங்கள் ஐந்து லட்சத்தில் அதற்கு இடம் இருக்கிறது, பள்ளத்தூர் வண்டிக்கு இல்லை. எங்கே நிறுத்தினாலும் வாரம் ஒருமுறை நாற்பது கிலோமீட்டராவது, இன்ஜின் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டுங்கள். புதுக்கோட்டை வரை ஒரு நடை போதும்.

முந்தின நாள் இரவே கோயம்புத்தூர் போய்த் தங்குங்கள். காலை ஆறரைக்கு வருவதாகச் சொல்லி, நீங்கள் வரும்வரை வண்டியைத் தொட வேண்டாம் என்று ஓனரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். சூடாக இருந்தால் காபி சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள். குளிர்ந்திருந்தால் கதவைத் திறந்து வைத்து, போனில் ரெக்கார்டு போட்டு, செல்ஃப் அடியுங்கள். முதல் பத்து நொடிச் சத்தத்தையும், கேம் மேக்னெட் பிளக்கின் போட்டோவையும், அந்த பில் கிலோமீட்டர் தாளையும் எனக்கு அனுப்புங்கள்.